முக நிலவரம்

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் ஊருக்குத் தெரியாமல்தான் சரிசெய்வோம். பிளம்பரைக் கூப்பிடுவதில்லை. இவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவார், நான் டார்ச் பிடிப்பேன், வேலை முடியும்வரை ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். இவர் வேலை பார்ப்பது குழாய் கம்பெனியில். வீட்டுக் குழாய் அத்தனையும் அந்தக் கம்பெனி சரக்கு. கணக்குப் பிரிவில் இருக்கிறவர் வீட்டிலேயே ஒழுகுகிறது என்று ஒரு பேச்சு வெளியே போனால் அது எங்கே போய் நிற்கும் என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

கம்பெனி ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களுக்குக் கொஞ்சம் பங்கு கொடுக்கும். சம்பளத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கிறவர்களின் வாயை அடைக்க இதைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன். முதல்முறை அது வந்த அன்று இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே நாமளும் ஓனருங்கதான்" என்றார். கரண்ட் பில் கட்டியாகிவிட்டது என்று சொல்லும்போது என்ன முகமோ அதே முகம்தான். நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்கப் போனால்கூட நம் குழாய் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்ப்பேன். பின்வரிசையில் இருந்தால், கடைக்காரர் பில் போடத் திரும்பும் நேரத்தில் முன்னால் நகர்த்திவிட்டு வருவேன். போட்டிக் கம்பெனிக் குழாயைக் கையில் எடுத்து, பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி உச்சுக்கொட்டிவிட்டு வைப்பேன். ஓனர் என்றால் பொறுப்பு இருக்கத்தானே வேண்டும்.

என் அண்ணன் பஸ் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அண்ணன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், பாதிச் சாப்பாட்டில், இவர் கம்பெனி எப்படி என்று கேட்டார். இவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நல்ல கம்பெனிதான் மச்சான் என்றார். அவ்வளவுதான் பேச்சு. இவர் சொன்னது, முதல் தேதியானால் சம்பளம் சரியாக வந்துவிடுகிறது என்ற அர்த்தத்தில். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு போய், வந்த தொகை முழுவதையும் குழாய்க் கம்பெனிப் பங்கில் போட்டுவிட்டார்.

அந்தப் பணம் ஒரு வீட்டுக்கானது. அண்ணனும் அண்ணியும் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. அண்ணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் அண்ணன் ஒரு இரும்பு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார், அண்ணி ஏறும்போது நடுவில் உட்காருவதற்காக. யாரும் தூக்கிப் போய்விடாமல் இருக்க அதைக் கைப்பிடிக் கம்பியோடு சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடியேதான் அண்ணி வாங்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேசுவார். தரைத்தளமாக இருக்க வேண்டும், வாசலில் படி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் உயரமாக இருக்கக் கூடாது. அண்ணன் கையில் இருந்த பணத்துக்கு அப்படி வீடு எதுவும் எட்டவில்லை. குழாய் ஏறினால் எட்டும்.

அண்ணன் வாங்கினார் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் வாங்கினார். அவர் வாங்கியது தெரிந்து என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். கூடப்பிறந்தவளை விட்டுவிட்டுத் தையல்காரருக்குச் சொல்லியிருக்கிறாயே என்று இவரிடம் சண்டை. இவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அவளும் வாங்கினாள். இப்படியாக, சாப்பாட்டு நடுவில் இவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி மூன்று குடும்பம் குழாயில் உட்கார்ந்திருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி கணக்கை முடித்து வெளியிடும். கணக்கு முடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது வெளியாகும் நாள்வரை, உள்ளே இருந்து பார்க்கிறவர்கள் பங்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பெண்டாட்டி பிள்ளைகளும் கூடாது. ஆபீஸில் அதை ஜன்னல் சாத்தியாச்சு என்பார்கள். கூடப்பிறந்தவர்கள், மச்சான், தையல்காரர் எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு விற்கலாம். ஆனால் உள்ளே இருந்து சேதி போய் விற்றார்கள் என்று தெரிந்தால் குற்றம், சேதி சொன்னவருக்கும் சேர்த்து. அதனால் ஜன்னல் சாத்திவிட்டால் இவரும் வாயைச் சாத்திவிடுவார். ஏற்கெனவே அதிகம் திறக்கிற வாய் இல்லை என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்தது. வாய் பேசாததால் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

இவர் ஆபீஸ் விட்டு வரும் நேரத்துக்குத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்து நிற்பார். அளவு எடுக்கிறவர் கண், மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. நாத்தனார் போன் செய்து, தன் அண்ணன் சாப்பிட்டானா, எவ்வளவு சாப்பிட்டான், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினானா என்று விசாரிப்பாள். பாசம் என்று முதலில் நான்கூட ஏமாந்தேன்.

அண்ணன் மட்டும் அப்படி எதுவும் கேட்க மாட்டார். ஜன்னல் திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் வாரம் ஒருநாள் போன் செய்து, "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிற கேள்வி. அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் ஆரம்பிப்பேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் எறிகிறார். பேப்பரைப் படித்துவிட்டு மடிப்பதே இல்லை. சாப்பிட்ட தட்டு அங்கேயே கிடக்கிறது, அதில் ஈ மொய்க்கிறது. எதைக் கேட்டாலும் ம் என்கிறார், அந்த ம் ஆமாவா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அண்ணன் குறுக்கே பேசமாட்டார். நான் கொட்டி முடித்ததும், "சரிம்மா, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிடுவார். மனதில் இருப்பதைக் கொட்ட எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஒருமுறை ஜன்னல் சாத்தியிருந்த சமயத்தில் இவருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்துப்போய், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியேறி வந்தார். தையல்காரர் பார்த்துவிட்டார். நாத்தனார் போன் செய்தபோது நான் உண்மையைச் சொன்னேன்: சாப்பிடவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பல் வலி என்றும் சொன்னேன். அவள், ஆமா ஆமா, பல் வலிதான் என்று எல்லாம் புரிந்துகொண்டவள் குரலில் சொல்லி வைத்தாள். மறுநாள் தையல்காரரும் நாத்தனாரும் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டார்கள்.

அண்ணன் விற்கவில்லை. பஸ் பிடித்து நேரே வந்தார். கையில் டார்ச். "வாயத் தொறங்க மாப்பிள்ளை" என்றார். இவர் திறந்தார். அண்ணன் இன்ஜினுக்குள் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பல்தான் என்று சொல்லி டார்ச்சை அணைத்தார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பல்லைப் பிடுங்கினார்கள். கணக்கு வெளியானது. கம்பெனி அதுவரை காணாத லாபம். குழாய் விலை ஏறிய ஏற்றத்தில் தையல்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டு, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினார். இவர் தைக்கக் கொடுத்திருந்த சட்டை பையில்லாமல் வந்தது. நாத்தனார் திரும்ப வாங்கவும் இல்லை, பேசவும் இல்லை. சொந்தத் தங்கைக்குப் பல்லைக் காட்டி மோசம் செய்தவன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதோடு போகவில்லை. ஆபீஸில் சட்டப் பிரிவைப் பார்க்கிற அம்மா ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறை கணக்கு வெளியானதும், யார் யார் அதற்கு முன்னால் விற்றார்கள், வாங்கினார்கள் என்ற விவரம் அவர் மேஜைக்கு வந்துவிடும். இவரைக் கூப்பிட்டு, உங்கள் தங்கை எதற்காகச் சரியாக அந்த நேரத்தில் விற்றார் என்று கேட்டிருக்கிறார். இவர், எனக்குப் பல் வலி என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பல் டாக்டர் பில்லைக் கொண்டுவரச் சொன்னார். அது இப்போது கம்பெனி ஃபைலில் இருக்கிறது. இந்தத் தடவை உங்கள் தங்கை நஷ்டப்பட்டதால் விடுகிறேன், தப்பித்திருந்தால் உங்கள் வேலை போயிருக்கும், கேஸும் வந்திருக்கும் என்றாராம். இதை நான் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே பேசினார். வேலை போவது மட்டுமா, ஜெயிலா என்று கேட்டார். இரண்டும் உண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு இவர் முகத்தை ஒழுங்குபடுத்தினார். ஜன்னல் சாத்தியிருக்கும் நாட்களில் ஒரே வேகத்தில் படியேறுவார், ஒரே அளவு சாப்பிடுவார், தையல்காரரைப் பார்த்து ஒரே மாதிரி தலையாட்டுவார். தும்மல் வந்தாலும் வீட்டுக்குள் வந்துதான் தும்மினார். எனக்கு அந்த நாட்களில் சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் துண்டு கட்டில்மேல்தான் விழுந்தது. அதை எவனும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்திருப்பார்.

இதற்கிடையில் குழாய் ஏறிக்கொண்டே போனது, அண்ணனுக்கு வீடும் எட்டிவிட்டது. அவர் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டிய வழியில், ஒரு திருப்பத்தில் இருந்த சின்ன வீடு. டிரைவர் சீட்டிலிருந்து தினமும் பார்த்த வீடு விற்பனைக்கு வந்திருந்தது. வாசலில் ஒரே படி. அண்ணியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அண்ணி அந்தப் படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பிறகு உள்ளே போய் ஜன்னல்களை அளந்து, திரைச்சீலைக்கு எங்கள் தையல்காரரிடமே அளவு கொடுத்துவிட்டார். அடுத்த கணக்கு வெளியானதும் பங்கை விற்று அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. கணக்கு நன்றாக வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கம்பெனி புது மாடல் குழாய் போட்டிருந்தது, கடைகளில் நான் நகர்த்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் முன்வரிசையில் நின்றது.

ஜன்னல் சாத்தினார்கள். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் இவர் வழக்கமான வேகத்தில் படியேறி வந்தார். தையல்காரருக்கு வழக்கமான தலையாட்டல். குளித்துவிட்டு வந்தவர், ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டார். இரண்டு ஓரமும் சமமாக வரும்படி இழுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர், நீயும் உட்காரேன் என்றார். சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைக் கழுவினார், என் தட்டையும் கேட்டு வாங்கிக் கழுவினார். கழுவிக்கொண்டே, திரும்பாமல், "அண்ணிக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து இவர் யார் முட்டியைப் பற்றியும் விசாரித்ததில்லை.

"ஏன் கேக்கறீங்க?" என்றேன்.

"சும்மாதான்." தட்டைத் துடைத்து அடுக்கினார். பிறகு, "நான் எதுவும் சொல்லல" என்றார்.

"நானும் எதுவும் கேக்கல" என்றேன்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு இவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகத்தை அத்தனை கஷ்டப்பட்டுக் கட்டிப்போட்டவர் இந்தத் துண்டை மட்டும் வழக்கம்போல எறிந்திருக்கக் கூடாதா? எனக்குத் தெரியாமலாவது இருந்திருக்கும். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவே வேண்டாம், இவருக்குப் பல் வலி என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் டார்ச்சோடு வரக்கூட மாட்டார், புரிந்துகொள்வார். அண்ணிக்கு வீடு கிடைத்துவிடும். சட்டப் பிரிவு அம்மா மேஜையில் இந்தத் தடவை என் அண்ணன் விவரம் இருக்கும், பல் டாக்டர் பில் இருக்காது. அப்புறம் இவர் வேலையும் மானமும் போகும். ஒரு பக்கம் கூடப்பிறந்தவர், ஒரு பக்கம் கட்டிக்கொண்டவர். குழாய் ஒழுகாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தார். அவர் வழக்கமாகப் பேசுகிற நாள் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எடுக்காமல் விட்டால் அதுவும் ஒரு சேதியாகிவிடும் என்று எடுத்தேன்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் அண்ணா" என்றேன்.

குரலைச் சரியாகத்தான் வைத்திருந்தேன், நடுங்கவில்லை. அவர் வீட்டுக் கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது கேட்டது. பிறகு, "சரிம்மா, உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, எவரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பதில்.

அந்த வாரமே கணக்கு வெளியானது. புது மாடல் குழாய்கள் சுவருக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தன. போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. சுவரை இடித்து மாற்றிக் கொடுக்கும் செலவும் கம்பெனி தலையில். பங்கு விலை விழுந்தது, மறுநாளும் விழுந்தது, இனிமேல் விழ இடமில்லை என்று டிவியில் ஒருவர் சொன்ன பிறகும் விழுந்தது. எங்களுடையதும் சேர்ந்துதான் விழுந்தது. ஹார்டுவேர் கடையில் முன்வரிசை காலியாகக் கிடந்தது. நான் ஆணி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தையல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அண்ணி கொடுத்த அளவில் திரைச்சீலைகளை ஏற்கெனவே தைத்து முடித்திருந்தார். அவற்றை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாத்தனார் போன் செய்தாள். பல் வலியின்போதே விற்றுவிட்டதால் அவளுக்கு இப்போது ஒரு சேதமும் இல்லை. தன் அண்ணனைப் போல உண்டா, அன்றைக்கே பல்லைக் காட்டிக் காப்பாற்றிவிட்டானே என்று நெகிழ்ந்து பேசினாள். சட்டப் பிரிவு அம்மா இவரைக் கூப்பிட்டு, இந்தத் தடவை உங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் விற்கவில்லை, ரொம்ப ஒழுங்கான குடும்பம் என்று பாராட்டினாராம். இவர் அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு, துண்டைக் கொடியில் போட்டார்.

அண்ணன் மட்டும் போன் செய்யவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. நான் திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், அந்த இரும்பு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ரெஞ்ச். நாற்காலிக் கால் ஒன்று ஆடுகிறது, முடுக்குகிறேன் என்றார். அது இனிமேல் ரொம்ப நாள் தாங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. நான் படியில் உட்கார்ந்தேன். வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்றார். அண்ணி திட்டவில்லை, இந்த நாற்காலிக்கு மெத்தை தைக்கலாமா என்று மட்டும் கேட்டார் என்றார். என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு முன்னாடியே தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, என்னைத் திட்டுங்கள் என்று அழுதேன்.

"நீ சொன்னியேம்மா" என்றார் அண்ணன்.

"நான் எங்க சொன்னேன்? நல்லா இருக்கார்னுதானே சொன்னேன்."

"அதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவையாவது அவர நல்லா இருக்கார்னு சொல்லியிருக்கியா நீ?"

அண்ணன் ரெஞ்சைத் தரையில் வைத்தார்.

"அன்னிக்கு வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரர் அட்வான்ஸுக்கு அவசரப்பட்டார், கணக்கு வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு தோணுச்சு. கிளம்பி, செருப்புகூடப் போட்டுட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் போன் பண்ணேன். நீ நல்லா இருக்கார்னு சொன்ன. அதுக்கப்புறம் எப்படிம்மா விக்கறது?"

"முன்னாடியே முடிவு பண்ணதுதானே அண்ணா. நீங்க பாட்டுக்குப் போய் வித்திருக்கலாமே."

"அத அந்தச் சட்டப் பிரிவு அம்மா நம்புமா? பல் வலிக்கே பில் கேட்டுச்சே." அவர் சிரிக்கவில்லை. "செருப்பக் கழட்டிட்டேன்."

மேலேயிருந்து அண்ணி யார் அது என்று குரல் கொடுத்தார். தங்கச்சி வந்திருக்கா, இதோ வரோம் என்று அண்ணன் சொன்னார். நான் அன்றைக்குத் துண்டையும் தட்டையும் பற்றி எப்போதும்போல் புலம்பியிருந்தால் அவர் பாட்டுக்குப் போய் விற்றிருப்பார். இந்நேரம் அண்ணி ஒரே ஒரு படி ஏறி உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். வாரம் தவறாமல் குறை சொன்னவள், சொல்ல வேண்டிய ஒரு நாளில் நல்ல பெண்டாட்டி ஆகிவிட்டேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்திருப்பார். "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றார்.

இனிமேல் அண்ணனிடம் எதையும் மறைக்கப் போவதில்லை என்று உண்மையைச் சொன்னேன். இன்னும் துண்டைக் கொடியில்தான் போடுகிறார், தட்டைக் கழுவுகிறார், நேற்றுகூடப் பேப்பரை மடித்து வைத்தார் என்றேன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்போ இன்னும் விழுமா?" என்றார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டு பேரும் திரைச்சீலைகளை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினோம். வாடகை வீட்டு ஜன்னலுக்கு அவை முழம் முழமாக நீளம். அண்ணி அவற்றை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, வெயில் நன்றாக மறைகிறது என்றார்.

சாயங்காலம் இவர் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணன் விற்கக் கிளம்பியதை, போன் செய்ததை, செருப்பைக் கழற்றியதை. இவர் எதிரே நின்று கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ம் என்றுகூடச் சொல்லவில்லை. குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவர் கையில் ஈரத் துண்டோடு கொடிப் பக்கம் போனார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து, அதைச் சுருட்டிக் கட்டில்மேல், நான் படுக்கும் பக்கமாகப் பார்த்து, எறிந்தார். தண்ணீர் சொட்டி விரிப்பு நனைந்தது.

"மச்சானுக்குப் போன் பண்ணு" என்றார். "இப்போ ஜன்னல் தொறந்துதான் இருக்கு."

போன் செய்தேன். அண்ணன் எடுத்து, அந்த முறை எதுவும் கேட்காமல் காத்திருந்தார்.

"துண்டக் கட்டில்மேல எறிஞ்சுட்டார் அண்ணா. சொட்டச் சொட்ட. விரிப்பெல்லாம் ஈரம். நான் எங்க படுக்கறது?"

அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டுக்கும் பேப்பருக்கும் போனேன், இல்லாத ஈயைக்கூட விடவில்லை. இவர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனதும் நிறுத்தினேன்.

"சரிம்மா" என்றார் அண்ணன். பிறகு, "அவர உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்று வைத்தார்.